கோட்டுப் போட்ட கீரி

தாராளமா உட்காருங்க சார். பையை மடியில் வைக்காதீங்க, மேலே போடுங்க. விழுந்தாலும் என் தலையில்தான் விழும், உங்களுக்கு நஷ்டமில்லை. மதுரைக்கா? நானும் அங்கேதான். என்னது, பள்ளிக்கூடத்துக்குப் படம் வாங்கப் போறீங்களா? வாத்தியாரா நீங்க? என்ன படம்... ஓ, கம்ப்யூட்டர் பாடம். திரையில் பொம்மை வந்து கையைக் காலை ஆட்டிப் பாடம் நடத்துமே, அது.

ஒன்று மட்டும் சொல்லுங்க. அந்தப் பொம்மை கீரியா? மேலே கோட்டு, கழுத்தில் டை, மூக்கில் கண்ணாடி?

த்தூ!

மன்னிக்கணும். ஜன்னல் உங்கள் பக்கம் இருக்கிறது, இல்லாவிட்டால் நிஜமாகவே துப்பியிருப்பேன். விழுங்கிக்கொண்டேன். அந்தக் கீரி இருக்கிறதே, கோட்டு உண்டு, டை உண்டு, இடுப்புக்குக் கீழே ஒரு கோவணம்கூடக் கிடையாது சார். அது வாத்தியாராம்! பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில்! கீரிக்கு எதற்கு வேட்டி என்று கேட்பீர்கள். அப்போ கோட்டு மட்டும் எதற்கு? ஒன்று முழுக்க உடுத்து, இல்லை கீரியாகவே இருந்து தொலை. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறது, கண்றாவி.

எனக்கு எப்படித் தெரியுமா? அந்தக் கீரியின் வாயிலிருந்து வந்த குரல் என்னுடையது சார்.

சிரிக்காதீங்க. இன்னும் விருதுநகரே வரவில்லை. கேளுங்க.

என் பெயர் சீனியப்பன். சாத்தூரில் மைக் சீனியப்பன் என்று கேட்டால் காராச்சேவுக் கடைக்காரன் கரண்டியைப் போட்டுவிட்டுக் கூட வந்து வீட்டைக் காட்டுவான். பேருந்து நிலையத்து மைக்கைப் பிடித்து உட்கார்ந்தவன், தலை நரைத்த பிறகுதான் எழுந்தேன். "விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை செல்லும் வண்டி" என்று ஆரம்பிப்பேன். இப்போது அமுக்கித்தான் சொல்கிறேன், முழுத் தொண்டையைத் திறந்தால் இந்த டிரைவர் பிரேக்கை மிதித்துவிடுவார். ஒரு தடவை, சங்கரன்கோவில் வண்டி புறப்படுகிறது என்று சொன்னேன். சொன்ன அழுத்தத்தில், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி தானாகப் புறப்பட்டு வைப்பாற்றுப் பாலம் வரைக்கும் போய்விட்டது. "திரும்பி வா" என்றேன். வந்தது. நம்பவில்லையா? அந்த டிரைவர் சொர்ணப்பன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், போய்க் கேளுங்க. என்ன, கொஞ்சம் சத்தமாகக் கேட்கணும். அவருக்குக் காது போய்விட்டது. அதுவும் என்னால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

குரல் அப்படி. படிப்புதான் ஏழாவதோடு நின்றது. நின்றது என்றால், நிறுத்தினார்கள். "இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு நீ இங்க உக்காந்திருந்தா மத்தவன் படிக்க முடியாதுலே, வெளிய போ" என்றார் வாத்தியார். உங்களைச் சொல்லவில்லை சார், அவர் வேறு ரகம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. என் குரல் ஒருநாள் ஏழாம் வகுப்புக்குள் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒலிக்க வேண்டும். யாரும் 'வெளியே போ' என்று சொல்லக் கூடாது, பிள்ளைகள் வாயைப் பொத்திக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். சாகிறதுக்குள் இது ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தேன்.

அப்போதுதான் மாதவராஜன் வந்தான். மதுரையில் டயர் கடைக்கு மேல் மாடியில் கம்பெனி வைத்திருக்கிற இளந்தாரி. சாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றவன், என் குரலைக் கேட்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என்னிடம் வந்தான். "ஐயா, உங்க குரலைப் பாடத்துக்குக் குடுப்பீங்களா? ஏழாம் வகுப்பு" என்றான். சார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த மாடியில் ஒரு அறை. சுவர் முழுக்கக் கம்பளியைத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழேயிருந்து ரப்பர் நாற்றம் மேலே ஏறும். அதற்குள் நின்றுகொண்டு தாளைப் பார்த்துப் படித்தேன். படித்து முடித்துவிட்டு வெளியே வந்தால், திரையில் இந்த ஜந்து நிற்கிறது!

மெர்லின் என்று ஒரு பெண், சாயர்புரம் பக்கத்துப் பிள்ளை. படம் வரைவது, அதை அசைய வைப்பது எல்லாம் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் இடது கைக்காரி. எழுதுகிறது, வரைகிறது எல்லாம் அந்தக் கைதான். முதல் நாள் எனக்கு டீ கிளாஸை அந்தக் கையால்தான் நீட்டினாள். "வலது கையால குடும்மா" என்றேன். மாற்றிக் கொடுத்தாள். முகத்தைக் கொஞ்சம் சுளித்தாள். பெரியவர்கள் சொன்னால் அப்படித்தான்.

"இது என்னம்மா?" என்றேன்.

"கீரி சார், ஐயா. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கும்."

"பாடம் சொல்றது நான்ல?"

"நீங்க பேசுவீங்க. அது வாயசைக்கும்."

எப்படி இருக்கிறது பாருங்க. பந்தியில் நான் சாப்பிட, பக்கத்து இலைக்காரன் ஏப்பம் விடுவதாம். "எதுக்கும்மா இந்த அசிங்கம்? குரலை மட்டும் போடு. பிள்ளைங்க காது குடுத்துக் கேக்கும்" என்றேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள்: "ஐயா, நீங்க 'இந்த ஆறு, அந்த மலை'ன்னு சொல்லிக்கிட்டே போவீங்க. பிள்ளைங்களுக்குப் படத்துல எங்க பாக்கணும்னு தெரியாது. கீரி எங்க கையக் காட்டுதோ அங்க அதுகளோட கண்ணு போகும். அதுக்குத்தான் அது நிக்குது. படத்துல எழுத்துக்கூட வேண்டாம்னு வச்சிருக்கேன். பேர நீங்க சொல்லுங்க, இடத்தை அது காட்டும். கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு."

"அப்போ நான் வெறும் காதுதானா?"

"நீங்கதான் ஐயா முக்கியம். கீரி இல்லாட்டியும் பாடம் எப்படியோ ஓடிரும். குரல் நல்லாயில்லன்னா ஒரு பிள்ளையும் உக்காந்து கேக்காது."

கேட்டீங்களா? அவள் வாயாலேயே சொன்னாள். நான்தான் முக்கியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

மாதவராஜனுக்கு அது போதவில்லை. கீரி என்றால் கீரி மாதிரி இருக்க வேண்டாமா, வாலை ஆட்டட்டும், குதிக்கட்டும், கண்ணடிக்கட்டும் என்றான். கண்ணடிக்கிற வாத்தியார் சார்! மெர்லின் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நீர் ஆவியாகி மழையாகிற பாடத்தில் வால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஈ விரட்டுகிற எருமை மாதிரி. பக்கத்துத் தெரு டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டால், வால் எத்தனை தரம் ஆடியது என்று அதுகளுக்குள் சண்டை. மழையைப் பற்றி ஒரு பிள்ளைக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை.

இல்லை, ஒன்று தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது. அந்தப் பாடத்தில் நான் என் கைச்சரக்காக ஒரு சின்ன விஷயம் சேர்த்திருந்தேன். ஒரு கோடையில் சாத்தூர் வெயிலில் வைப்பாற்றுத் தண்ணீர் மீனோடு சேர்ந்து ஆவியாகி, இருக்கன்குடியில் கருவாடாக மழை பெய்தது. நடந்தது சார் அது. எங்கள் தெருவில் பாதிப் பேர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை எல்லாப் பிள்ளைகளும் அட்சரம் பிசகாமல் சொன்னதுகள்.

"ஐயா, மழை எப்படி வருதுன்னு கேட்டா, கருவாடா வருதுங்குதுங்க" என்று மெர்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, என் குரல் எப்படிப் பதிஞ்சிருக்குன்னு!" என்றேன். பிறகு வாலையும் நிறுத்தினார்கள், கருவாட்டையும் எடுத்தார்கள். வாலை எடுத்தது நியாயம். வால் கவனத்தைக் கெடுக்கும். கருவாடு என்ன செய்தது?

என்ன கண்டக்டர், முறைக்கிறீங்க? சத்தமாகவா பேசுகிறேன்? இது என் ரகசியக் குரல் ஐயா.

சரி, கதைக்கு வருவோம். அடுத்தது தமிழ்நாட்டு வரைபடம். நான் உயிரைக் கொடுத்துப் படித்த பாடம். "கிழக்கே வங்கக் கடல்! மேற்கே மலைத்தொடர்!" ஊர்ப் பெயர் சொல்வதற்கென்றே பிறந்த தொண்டையல்லவா, அந்தக் கம்பளி எல்லாம் சிலிர்த்து நின்றது. மறுநாள் படத்தைப் போட்டுப் பார்த்தேன். சார், எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கீரி கடலைக் காட்டுகிறது. எந்தக் கையால்? இடது கையால்!

நீங்களே சொல்லுங்க. இடது கையால் விபூதி கொடுப்பார்களா? இடது கையால் தாம்பூலம் நீட்டுவார்களா? ஒரு வாத்தியார், படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால், வங்கக் கடலை, அந்தக் கையால்... ச்சீ. கீழே உடுத்தாததைக்கூட ஒரு மாதிரி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியுமா? "ஏம்மா, உன் கை அப்படின்னா, கீரி கையையும் அப்படியே ஆக்கிப்புட்டியா?" என்று கேட்டேவிட்டேன்.

அவளுக்கு முகம் சிவந்தது. "ஐயா, அது நம்மளப் பாத்து நிக்குது. வரைபடம் அதுக்கு இடது பக்கம் இருக்கு. பக்கத்துல இருக்கிற கையத்தான் நீட்ட முடியும். வலது கைய நீட்டுனா அது நெஞ்சு மேல குறுக்கே வரும், மூஞ்சிய மறைக்கும்."

"மறைச்சா நல்லதுதான்" என்றேன்.

மாதவராஜனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தம்பி, பள்ளிக்கூடத்துத் தாளாளருங்க எல்லாம் பழைய ஆளுங்க. பொண்ணு பாக்கப் போனாக்கூட எந்தக் கையால காபி குடுக்குதுன்னு பாக்கிறவங்க. இதப் பாத்தா ஒரு பய வாங்க மாட்டான்." பையன் பயந்துவிட்டான். மெர்லினிடம் போய்க் கையை மாற்று என்றான். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம் சார், ஊருக்குப் போறேன். திங்கக்கிழம வந்து கீரியை அந்தப் பக்கம் நிறுத்தி, புதுசா வரைஞ்சு தர்றேன். அதுவரைக்கும் யாரும் கைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இராஜபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட வேண்டும். அது பிடித்துப்போனால்தான் மற்றப் பள்ளிகள். திங்கள்கிழமை வரை எப்படிக் காத்திருப்பது? மாதவராஜன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் வழி சொன்னேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? "ஏன் தம்பி, சலூன் கண்ணாடியில பாத்தா இடது கை வலது கையாத் தெரியுதுல்ல? அந்த மாதிரி அப்படியே படத்தைத் திருப்பிப் போட முடியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். கீரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்து நின்றது. வலது கை! "ஐயா, நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு" என்றான். போட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. தொடக்கத்திலிருந்து கடைசி வரை கண் கொட்டாமல் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட இடது கை இல்லை.

சனிக்கிழமை. ஏழாம் வகுப்பு. ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், முழங்கால் இடித்தது. தாளாளர் அம்மாள் முன்னால் நாற்காலியில். என் குரல் கிளம்பியது சார். "கிழக்கே வங்கக் கடல்!" ஓட்டிலிருந்து ஒரு பல்லி பொத்தென்று விழுந்தது. யாரும் பேசவில்லை, யாரும் இருமவில்லை. என்னை வெளியே போ என்று சொல்ல ஆள் இல்லை. அந்த நிமிஷம் நான் செத்திருந்தால் நல்ல சாவு.

சாகவில்லை. விளக்கைப் போட்டு ஜன்னலைத் திறந்தார்கள். தாளாளர் அம்மாள் எழுந்து, "எல்லாரும் வடக்கப் பாத்து நில்லுங்க. இப்பச் சொல்லுங்க, கடல் எந்தப் பக்கம்? கைய நீட்டுங்க பாப்போம்" என்றார்.

வகுப்பு மொத்தமும் கையை நீட்டியது. மேற்கு ஜன்னலைப் பார்த்து. ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கிறது சார், மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு!

அம்மாள் திகைத்துப்போனார். "என்னடி, அங்க மலைதானே இருக்கு?"

ஒரு இரட்டைச் சடைக்காரி எழுந்து, "மலைக்கு அங்கிட்டு இருக்கும் மிஸ். கீரி சார் இந்தக் கைப் பக்கம்தான் காட்டுச்சு" என்றாள்.

"கிழக்கேன்னு சொன்னாங்களே, காதுல விழலையா?"

"யாரு மிஸ் சொன்னா?"

யாரு சொன்னா! பல்லி கேட்டு விழுந்தது, இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. நான் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். "நான் சொன்னேன் தாயீ! கிழக்கேன்னு நான் சொன்னேன்!" என்று அதே தொண்டையில் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. அந்தச் சடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம், "ஏய், இந்தத் தாத்தா கீரி சார் மாதிரியே பேசுறாரு" என்றாள்.

அருவருப்பு சார். வேறு வார்த்தை இல்லை. நான் அதை மாதிரிப் பேசுகிறேனாம்!

மாதவராஜன் வெளியே வந்து மெர்லினைப் போனில் பிடித்தான். கல்யாண வீட்டு நாதஸ்வரம் எனக்குக் கேட்கிறது. "என்ன படம் போட்டு வச்சிருக்க? தமிழ்நாட்டையே கவுத்திட்டியே! இனிமே வேலைக்கு வராத!" என்று கத்தினான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஏதோ கேட்டாள். இவன் முகம் சுருங்கியது. போனை வைத்தான். "முழுப் படத்தையுமா திருப்புனீங்கன்னு கேக்குறா. கீரியோட சேந்து கடலும் இந்தப் பக்கம் வந்திருக்கும்ல ஐயா? நீங்க வாழ்நாள் பூரா ஊர்ப் பேர் சொன்ன ஆளு. வரைபடம் மாறிக் கிடந்தது உங்களுக்குத் தெரியலையா?" என்றான்.

நல்ல கேள்வி. நான் படத்தையா பார்த்தேன்? கையைப் பார்த்தேன். கீரி நிற்கும்போது படத்தை எவன் பார்ப்பான்? அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! அவனிடமும் அதையே சொன்னேன்: "கைய மாத்தச் சொன்னேன் தம்பி. கடலை மாத்தச் சொன்னேனா?"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

அப்புறம் என்ன? மெர்லின் திரும்பி வந்தாள். படத்தை நேராக்கினாள். கீரியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள், பழைய கையோடு. குரலை மட்டும் மாற்றிவிட்டார்கள். தாத்தா குரல் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கிறது என்று மாதவராஜன் சொல்லி, அவளே பேசிவிட்டாள். கீச்சுக் குரல், ஓட்டில் இருக்கிற பல்லி கண்ணைக்கூடத் திறக்காது. ஆனால் பாருங்க, அதே பள்ளிக்கூடத்தில் அதே அம்மாள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் சரியாகக் கிழக்கே கையை நீட்டினவாம். அதுவும் பாதிப் பிள்ளைகள் இடது கையை! ஒரு தாய் தகப்பன் வந்து ஏன் என்று கேட்கவில்லை. தாளாளர்களும் கேட்கவில்லை. வரிசையில் நின்று வாங்குகிறார்கள். நாடு நாறிப்போய்விட்டது சார்.

அதனால்தான் சொல்கிறேன், வாங்காதீங்க. கரும்பலகை போதும் உங்களுக்கு. நல்ல மனுஷனாகத் தெரிகிறீர்கள், அரை நிர்வாணக் கீரியின் காலில் போய் விழாதீங்க.

என்ன சார்? நிர்வாகம் சொல்லிவிட்டதா? வாங்கித்தான் ஆகணுமா?

...அப்படியானால் ஒன்று கேளுங்க. வாங்குகிறதுதான் வாங்குகிறீர்கள், அந்த வரைபடப் பாடத்தைப் பார்த்து வாங்குங்க. போன மாதம் மெர்லின் போன் பண்ணினாள். "ஐயா, உங்க குரலைப் பூரா எடுத்துட்டோம். ஆனா பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் தொண்டையச் செருமுனீங்கல்ல, அத மட்டும் எடுக்கல. எடுத்துப் பாத்தேன், பிள்ளைங்க பேசிக்கிட்டே இருக்குதுங்க. அந்தச் செருமல் வந்தாத்தான் கப்புன்னு வாய மூடிட்டு நிமிந்து பாக்குதுங்க" என்றாள். கேட்டீங்களா அநியாயத்தை? ஒருத்தன் இலையிலிருந்து சோற்றை எல்லாம் வழித்துவிட்டு, ஓரத்தில் உப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

மாட்டுத்தாவணி வந்தாச்சு, இறங்குங்க. பையை மறந்துவிடாதீங்க. சார், ஒரு நிமிஷம்... வகுப்பில் போடும்போது சத்தத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுங்க. ஓடவிட்டபிறகு ஏற்றினால் பிரயோசனமில்லை. அது ஆரம்பத்திலேயே வந்து போய்விடும்.